முதுகைக் காட்டி நுழைந்த துறைமுகம்

ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரத்து ஹக்காத்தா நிலையத்தில் இருந்து சசெபோத் துறைமுகத்துக்குப் போகிற 'மிதோரி' ரயில், ஹைக்கி என்ற நிலையத்துக்கு வந்ததும் தலை வாலாகி, வால் தலையாகி மற்றப் பக்கம் ஓடத் தொடங்கும். தண்டவாளம் அங்கே அப்படிக் கிளைக்கிறது. ஆசனங்களைச் சுழற்றித் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அங்கிருந்து சசெபோவுக்குப் பத்து நிமிடம்கூட இல்லை என்பதால் என் பெட்டியில் ஒருவரும் எழும்பவில்லை. தினமும் போய்வருகிற முகங்கள். கைபேசியில் இருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே ஊருக்குள் போனார்கள். நானும் அப்படியே இருந்துவிட்டேன். யப்பான்காரன்ர துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனனியோ என்று அம்மம்மா இருந்திருந்தால் கேட்டுச் சிரித்திருப்பா.

நான் திருகோணமலை. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் எங்கள் ஊரில் குண்டு போட்டபோது அம்மம்மாவுக்குப் பதினொரு வயது. திகதி, வருசம் எதுவும் சொல்லமாட்டா. "யப்பான்காரன் அடிச்ச நாள்" என்றால் அவ்வளவுதான். முற்றத்தில் நின்று வானத்தில் வந்தவற்றை எண்ணத் தொடங்கியதும், எண்ணி முடிக்க முன்னம் தாய் கையைப் பிடித்து இழுத்ததும், மூட்டையைக் கட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்கு நடந்ததும்தான் கதை. திரும்பிப் பார்த்தால் சீனன்குடாப் பக்கம் கரும்புகை. அடிபட்ட விமானம் ஒன்று எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் போய் விழுந்து, அது நாட்கணக்கில் எரிந்தது. மிச்சக் குதங்கள் இன்றைக்கும் பற்றைக்காட்டுக்குள் நிற்கின்றன. யாருக்குக் குத்தகை, யாரோடு ஒப்பந்தம் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே அந்த எண்ணும் வரும்: 99.

பேர்ல் ஹாபரைத் தாக்கப் போனவை ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள். நான்கு மாதம் கழித்துக் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் வந்தவை ஐந்துதான். ஆறாவது 'காகா'. பலாவு தீவுகளில் பாறையில் அடிபட்டு, மார்ச் மாதம் திருத்த வேலைக்காகத் தன் சொந்தத் துறைமுகத்துக்குத் திரும்பிவிட்டது. அந்தத் துறைமுகம் சசெபோ. கடற்படைக் கதைகளில் எனக்குப் பெரிய பித்து எதுவும் இல்லை. இந்த ஒரு வரி மட்டும் எப்போதோ வாசித்த நாளில் இருந்து மனதில் கிடந்தது. அம்மம்மா எண்ணி முடிக்காத விமானங்களில் சேராத விமானங்கள் இருந்த ஊர். வேலை விசயமாக ஃபுக்குவோக்கா வரக் கிடைத்ததும் மூன்று நாள் லீவு போட்டேன். ஒக்டோபர் கடைசி.

சசெபோ நிலையத்தில் இறங்கியதும் தெரிவது ஒரு தேவாலயம். மியுராச்சோ தேவாலயம், 1931இல் கட்டியது. சரிவின் மேல் வெள்ளையாக, கூர்க்கோபுரத்தோடு நிற்கிறது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களுக்கு அடையாளம் ஆகிவிடக்கூடாது என்று அதற்குக் கறுப்புப் பூசினார்களாம். எதிர்ப்பக்கம் நாலைந்து நிமிடம் நடந்தால் கடல். கோத்தோ தீவுகளுக்குப் போகிற படகுகள் கட்டியிருக்கின்றன. அவற்றுக்கு அப்பால், அதே தண்ணீரில், சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். ஜப்பானின் கப்பல்கள் ஒரு பக்கம், அமெரிக்கக் கப்பல்கள் இன்னொரு பக்கம். ஊர் எங்கே முடிகிறது, தளம் எங்கே தொடங்குகிறது என்று வேலியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1880கள் வரை இது ஒரு மீன்பிடிக் கிராமம். வாய் குறுகி, வயிறு அகன்று, ஆழமாக, சுற்றிவர மலையோடு ஒரு குடா. சீனாவும் கொரியாவும் கிட்ட. 1889இல் கடற்படை மாவட்டத் தலைமையகம் இங்கே திறந்தது. அதன்பிறகு ஊர் வளர்ந்த வேகத்தில், 1902இல் கிராமசபையாக இருந்தது 'டவுன்' என்ற இடைப்படியையே மிதிக்காமல் நேராக நகரம் ஆகிவிட்டது. 1904இல் ரஷ்யாவோடு போர் மூண்டபோது அட்மிரல் தோகோவின் கப்பற்படை இங்கிருந்துதான் புறப்பட்டது. அவருடைய கொடிக்கப்பல் 'மிகாசா' சுஷிமாச் சண்டையில் ரஷ்யப் பீரங்கிகளுக்கு முன்னால் நின்று தப்பியது. தப்பி வந்து, 1905 செப்ரெம்பரில், சமாதானம் கையெழுத்தாகி ஒரு வாரத்துக்குள், இந்தக் குடாவில் கட்டி நின்றபடியே வெடித்துத் தாண்டது. முந்நூறு பேரளவில் போனார்கள். பிறகு கிளப்பி எடுத்தார்கள். இப்போது யொக்கோசுக்காவில் காட்சிக்கு நிற்கிறது. சண்டையில் தப்பிய கப்பல் வீட்டு வாசலில் போனதை வெற்றிக் கதைகளில் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள் போலும்.

முதல் நாள் பின்னேரம் பழைய கடற்படை மயானத்துக்குப் போனேன். ஹிகாஷியாமா என்கிற மேட்டில், வீடுகளுக்கு நடுவே. இப்போது பூங்கா என்று பெயர். வரிசை வரிசையாக மனிதர்களின் கற்கள். பிறகு கப்பல்களின் கற்கள். சசெபோவைத் தாயகமாகக் கொண்டு போய்த் திரும்பாத கப்பல்களுக்கு, உயிரோடு வந்தவர்களும் உறவினர்களும் எழுப்பிய நினைவுக் கற்கள். நான் தேடியது இரண்டே இரண்டு எழுத்து. 'கா', 'கா'. கையில் எழுதி வைத்திருந்த வடிவத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் ஆனது. திருத்தி முடிந்து இங்கிருந்து மே மாதம் போன கப்பல், ஜூன் 4ஆம் திகதி பசிபிக்கில் நடந்த மிட்வேச் சண்டையில் எரிந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள். எங்களூருக்கு வந்திருந்தாலும் அதற்கு அதே முடிவுதான். எனக்கும் அந்தக் கல்லுக்கும் இடையில் ஒரு கணக்கு வழக்கும் இல்லை. வராத கப்பல் அது. ஆனாலும் உடனே திரும்பி நடக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு வயதான மனிதர் பிளாஸ்ரிக் வாளியும் துணியுமாக வேறொரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்தார். நானும் அசைத்தேன்.

கீழே இறங்கினால் தோனோ சந்தை. அங்கே ஒரு கடைவரிசை, சந்தைக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குள் குடைந்து போகிறது. போர்க்காலத்தில் தோண்டிய குண்டுவீச்சுப் பதுங்குகுழிகள். போர் முடிந்ததும் வீடு வாசல் எரிந்தவர்கள் அவற்றுக்குள் கடை போட்டார்கள், இன்றும் கடைகள்தான். தொன்னேரு யொக்கோச்சோ, அதாவது சுரங்க ஒழுங்கை. எங்களுக்கு பங்கர் என்றால் மண்ணும் தென்னங்குற்றியும் ஈரவாடையும். இங்கே பங்கருக்குள் குளிர்சாதனப்பெட்டியும் விலைப்பலகையும் மஞ்சள் பல்பும். மரக்கறி வாங்குகிற ஒரு பெண், கூரை தாழ்ந்த இடத்தில் பார்க்காமலே தலையைக் குனிந்து போனாள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும்.

1945 ஜூன் 28 இரவு இந்த ஊர் எரிந்தது. மழை இரவு. இந்த மழைக்கு வரமாட்டார்கள் என்று படுத்தவர்கள் அதிகமாம். 1200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நகர நடு சாம்பலானது. கப்பல் கட்டும் தளத்தில் பெரும்பகுதி தப்பியது. பிரிட்டனில் செய்து கொண்டுவந்து 1913இல் நிறுத்திய 250 தொன் பாரந்தூக்கி இன்றைக்கும் அங்கே கை நீட்டிக்கொண்டு நிற்கிறது, தெருவில் இருந்தே தெரிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஊரின் கதையில் என்னை அதிகம் பிடித்து வைத்தது. கடற்படை இல்லாமல் போனதும் சசெபோவுக்கு வேலை இல்லை, ஆள் இல்லை, காரணமும் இல்லை. 1950இல் பழைய நான்கு கடற்படை நகரங்களையும் — யொக்கோசுக்கா, குரே, மைசுரு, சசெபோ — சமாதானத் தொழில் துறைமுகங்களாக மாற்ற ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படியான சட்டத்துக்கு அந்தந்த ஊர் மக்களின் வாக்கெடுப்பு வேண்டும். ஜூன் 4ஆம் திகதி வாக்கெடுப்பு. பெருவாரியாக 'ஓம்' என்றார்கள். ஜூன் 25ஆம் திகதி கொரியாவில் போர் தொடங்கியது. சட்டம் வர்த்தமானியில் வந்தது ஜூன் 28. அதற்குள் சசெபோ மறுபடியும் போர்த் துறைமுகம். இந்தத் தடவை அமெரிக்காவுக்கு, ஐக்கிய நாடுகளின் படைக்கு. மூன்று கிழமை. அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. துறைமுகத் தண்ணீரில் 80 வீதத்துக்கு மேல் அமெரிக்கப் படைக்கான கட்டுப்பாட்டுப் பகுதியாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஊர், ஒரே நேரத்தில் வைத்திருக்கிறது. 1968 ஜனவரியில் அணுசக்தியில் ஓடும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் 'என்ரர்பிரைஸ்' வந்தபோது ஹிராசே பாலத்தில் மாணவர்களும் பொலிசும் மோதிய படங்களைப் பார்த்திருக்கிறேன். நான் போன பின்னேரம் அதே பாலத்தில் சீருடையோடு இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தக் கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் கற்றுக்கொண்டதுதான் சசெபோ பர்கர். சாப்பிட்டேன். சொன்ன பிறகே அடுப்பில் போடுவார்கள், இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், முட்டையும் பன்றியிறைச்சியும் வழிய இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நல்லது. ஒரு ஊரே அதற்குப் பொம்மை வைத்துக் கும்பிடும் அளவுக்கு நல்லதா என்று கேட்டால், பசித்த சிப்பாயிடம் கேளுங்கள்.

இரண்டாம் நாள் காலை யுமிஹாரி மலை. 364 மீற்றர்தான். பஸ்சைத் தவறவிட்டேன். நேர அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தது என் பிழை. நடந்தேன். உச்சியில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் துறைமுகம்: பாரந்தூக்கிகள், கப்பல்கள், வேலிகள். கழுத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பினால் குஜூகுஷிமா. பச்சைத் தீவுகள், தண்ணீரில் யாரோ கைநிறைய எறிந்த மாதிரி, கண் போகும் இடமெல்லாம். முதல் பார்வைக்கு இரண்டும் இரண்டு நாடு. கொஞ்ச நேரம் நின்றால் இரண்டும் ஒன்று என்று தெரியும். மலையும் பள்ளத்தாக்குமாய்க் கிடந்த நிலத்துக்குள் கடல் ஏறியிருக்கிறது. பள்ளங்கள் குடாக்கள் ஆயின, முகடுகள் தீவுகள் ஆயின. ஆழமான, காற்றுக்கு மறைவான தண்ணீரைத் தேடி வந்தது கடற்படை. அந்தத் தண்ணீரை அப்படி ஆக்கிய அதே வேலைதான் தீவுகளையும் ஆக்கியது. வடிவும் பீரங்கியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். திருகோணமலையில் பிறந்தவனுக்கு இது புதினம் இல்லை. கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கோட்டை வாசலைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள்.

அந்த உச்சியிலேயே விமான எதிர்ப்புப் பீரங்கி வைத்த வட்டக் குழிகள் புல் மூடிக் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் இங்கே நின்று ஒருவன் இந்தக் காட்சியைப் படம் எடுத்திருக்க முடியாது. 1899இல் வந்த அரண்பிரதேசச் சட்டம் புகைப்படம், அளவை மட்டும் அல்ல, சித்திரம் கீறுவதையும் தடுத்தது. கண்ணால் பார்க்கலாம், கையால் வைத்திருக்கக்கூடாது. தீவுகள் 1955இல்தான் சைக்காய் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. இப்போது அதே இடத்தில் தம்பதிகள் முக்காலி வைத்து சூரியன் விழக் காத்திருக்கிறார்கள்.

மத்தியானம் படகு. வெள்ளைக் கப்பல், 'பேர்ல் குயின்', 50 நிமிடம். தீவுகளுக்கு நடுவே கை நீட்டினால் இலை பிடுங்கலாம் போல ஒடுங்கிய இடங்களுக்குள் நுழைந்து வரும். தண்ணீர் ஆடவே இல்லை. குளத்தில் போவது போல. முத்துச்சிப்பியும் மட்டியும் வளர்க்கிற மிதவைகள் வரிசையாக. தீவுகளின் இடுப்பில் அலை அரித்த மணற்பாறை அடுக்கடுக்காகத் தெரிகிறது. மேலே முடி வெட்டாத பிள்ளையின் தலைபோல மரம். நீண்டு தாழ்ந்த ஒரு தீவைக் காட்டி, நீர்மூழ்கி மேலே வந்த மாதிரி இல்லையா என்றது ஒலிபெருக்கி. இந்த ஊரில் தீவுக்கும் அந்த உவமைதான் வருகிறது.

குஜூகுஷிமா என்றால் தொண்ணூற்றொன்பது தீவு. உண்மையில் 208. ஜப்பானில் 99 என்பது எண்ண ஏலாதது என்பதற்கு ஒரு பேச்சு. பக்கத்தில் நின்ற பணிப்பெண்ணிடம், எதைத் தீவு என்று எண்ணுவீர்கள் என்று கேட்டேன். நிறைபெருக்கின்போதும் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். நிலத்துச் செடி ஒன்றாவது முளைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் தீவு. இல்லையென்றால் கல். எனக்கு அந்த விதி நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு புயலுக்குச் செடி போனால் கணக்குக் குறையுமோ என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, யாராவது திரும்பவும் எண்ண வேண்டும் என்றாள். எங்களூரில் 99 என்பது மிச்சம் நிற்பவற்றின் எண். இங்கே அதே எண் எண்ண முடியாதவற்றின் பெயர்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன வாடகைக் கார் எடுத்து ஹரியோத் தீவுக்குப் போனேன். தீவு என்றாலும் பாலம் உண்டு. தோடந்தோட்டங்களுக்கு நடுவே மூன்று கொங்கிறீற்றுக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 136 மீற்றர், 300 மீற்றர் இடைவெளியில் ஒரு சமபக்க முக்கோணம். கடற்படையின் வானொலி நிலையம், 1922இல் முடித்தது. தூரத்துக் கப்பல்களோடு பேசுவதற்கு. நூறு வருசத்தில் பூச்சு உதிரவில்லை, கம்பி வெளியே தெரியவில்லை. எங்கள் வீட்டு மதில் பதினைந்து வருசத்தில் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். கோபுரம் ஒன்றின் அடியில் உள்ளே விடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு காசு அளவு வெளிச்சம். வழிகாட்டித் தொண்டர், எழுபது தாண்டியவர், கையைத் தட்டிப் பார் என்று சைகை காட்டினார். தட்டினேன். சத்தம் ஏறி ஏறிப் போய், போன பிறகும் கொஞ்சம் நின்று, இறங்கி வந்தது. பேர்ல் ஹாபர் தாக்குதலுக்கான உத்தரவு இங்கிருந்து போனது என்று ஒரு கதை உண்டல்லவா என்று கைபேசியின் மொழிபெயர்ப்பில் கேட்டேன். கதை உண்டு, உறுதியான சான்று இல்லை என்றார். அதை மறைக்கவும் இல்லை, ஊதவும் இல்லை.

அங்கிருந்து உராகஷிரா. ஒரு சின்னக் கடற்கரை, மேட்டில் நினைவுப் பூங்கா. 1945 ஒக்டோபரில் இருந்து 1950 வரை, சீனாவில் இருந்தும் மஞ்சூரியாவில் இருந்தும் தெற்குத் தீவுகளில் இருந்தும் திரும்பி வந்த ஜப்பானியர்கள் ஏறத்தாழ 13 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இங்கே கரையேறினார்கள். சிப்பாய்கள், குடியேறிகள், கைக்குழந்தைகள். இறங்கியதும் தலையிலும் சட்டைக்குள்ளும் டிடிடி தூள். பிறகு மலைப்பாதையில் 7 கிலோமீற்றர் நடை, முகாமுக்கு. முகாம் இருந்த நிலத்தில் இப்போது நிற்பது ஒல்லாந்து நகரம் போலச் செய்த ஒரு கேளிக்கைப் பூங்கா, 1992இல் திறந்தது; காற்றாலை, செங்கல் வீடு, ரியூலிப் பூ எல்லாம் உண்டு. ஒல்லாந்தர் உண்மையாகவே 1609இல் பக்கத்து ஹிராதோவில் கடை வைத்தவர்கள். எங்களூர்க் கோட்டையையும் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு உலகமெங்கும் நல்ல துறைமுகம் எது என்று தெரிந்திருக்கிறது.

காட்சி அறையில் ஒரு முதுகுப்பை. சேலைத் துணி மாதிரி ஒரு பூப்போட்ட துணியில் கையால் தைத்தது. பட்டி ஒன்று அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. மஞ்சூரியாவில் அவர்கள் யாருடைய நிலத்தில் இருந்தார்கள், யாரைக் கிளப்பிவிட்டு இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அந்த முடிச்சு நான் பார்த்த முடிச்சு. அம்மம்மா தம்பலகாமத்துக்குக் கொண்டுபோன மூட்டையைப் பார்க்கவில்லை. 1990இல் எங்கள் வீட்டில் கட்டியதைப் பார்த்தேன், கூடவே தூக்கினேன். இடம்பெயர்வு என்று நாங்கள் சொல்லும்போது போவதை மட்டும்தான் சொல்கிறோம். வந்து இறங்குவதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோமா என்று யோசித்துக்கொண்டு காரை எடுத்தேன்.

முகாமில் சில நாள் வைத்துவிட்டு, அவர்களை ரயில் ஏற்றிய நிலையத்தின் பெயர் ஹாயெனோசாக்கி. கையில் கொஞ்சக் காசும் சாப்பாட்டுப் பொதியும் கொடுத்து, அங்கிருந்து தோக்கியோவுக்கும் வடக்குக்கும் ஏற்றி விட்டார்கள். அடுத்த நாள் நாகசாக்கி போகிற வழியில் அங்கே இறங்கினேன். என்னைத் தவிர ஒருவரும் இறங்கவில்லை. நிலைய அதிபர் இல்லை, கோப்பி இயந்திரம்கூட இல்லை. ஒரு மேடை, வாங்கு, வயல், அப்பால் ஓமுராக் குடாவின் தட்டையான தண்ணீர். அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம்.

பெயர்ப்பலகையில் மூன்று எழுத்து: தெற்கு, காற்று, முனை. ஆனால் 'தெற்குக் காற்று' என்று எழுதிவிட்டு 'ஹாயெ' என்று வாசிக்கிறார்கள். அது மேற்கு ஜப்பான் கடலோடிகளின் சொல். புத்தகத்துச் சொல் அல்ல. தென்காற்றை அவர்கள் ஹாயெ என்பார்கள்.

எங்களூரில் கடலுக்குப் போகிறவர்களும் தென்காற்று என்று சொல்வதில்லை. சோளகம் என்பார்கள். அம்மம்மா முற்றத்தில் நின்று முகத்தை ஒரு பக்கம் திருப்பி, "சோளகம் துவங்கிற்றுது" என்பா. அன்றைக்கு அந்த மேடையில் காற்று இருந்தது. எந்தப் பக்கத்துக் காற்று என்று பார்க்க நானும் முகத்தைத் திருப்பினேன். வடக்கில் இருந்துதான் வந்தது. வாடை. சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வாங்கில் இருந்தேன்.